இருதயராஜின் அலைக்கொம்பு

"இந்த வளைவு ஏற்கெனவே உண்டு" என்று புதுமைமானி மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

இருதயராஜுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர்கள் இதுவரை வரைந்த எல்லா வடிவங்களும் அந்த இயந்திரத்துக்கு மனப்பாடம். போதாக்குறைக்கு, வேலையில்லாத நேரத்தில் இனி வரையக்கூடியவற்றையும் தானே வரைந்து சேர்த்து வைத்திருந்தது. அதனிடம் போய் எதைப் புதிது என்று காட்டுவது?

காட்டியே ஆக வேண்டும். நிலவுச் சுரங்கத்தில் அவனுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்பது வருடம் இருந்தது. அதற்கு முன்பே ஊர் திரும்ப ஒரே வழி, கம்பெனிக்கு ஒரு காப்புரிமை வாங்கிக் கொடுப்பது. கொடுத்தால் கண்டுபிடிப்பாளருக்கு உடனே விடுதலை. ஆறு வருடமாக அவன் தலைக்கு மேல் வெறும் பாறை. தூக்கத்தில் அது இறங்கி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மணப்பாட்டில் இருக்கும் மனைவி செலின் ஒவ்வொரு முறையும், "எப்ப வாரீய?" என்றுதான் பேச்சைத் தொடங்குவாள்.

அவன் செய்திருந்தது ஓர் அலைக்கொம்பு, அதாவது ஆன்டெனா. உடைந்த நாற்காலியின் கம்பியை முறுக்கி, திருகி, பார்க்கச் சகிக்காத கோலத்தில் நிறுத்தியிருந்தான். அடிச்சுரங்கத்தின் இரும்புப் பாறை எல்லா அலைகளையும் விழுங்கிவிடும். ஆனால் இந்தக் கோணல் கம்பியில் கீழே பேசுகிறவர்களின் மூச்சுகூடக் கேட்டது, மேலே பேசுவது கீழேயும் கேட்டது.

காப்புரிமை அதிகாரி கஸ்தூரி நேரிலேயே வந்து பார்த்தாள்.

"ஒரு தடவை கம்பியிலருந்து கையை எடுங்க சார்."

தயங்கி எடுத்தான். இரைச்சல். மறுபடி பிடித்தான், அடிச்சுரங்கத்தில் யாரோ இருமுவது கேட்டது. கஸ்தூரி தானே பிடித்துப் பார்த்தாள், பக்கத்தில் நின்றவர்களையும் பிடிக்கச் சொன்னாள். யார் பிடித்தாலும் இரைச்சல்தான். இத்தனை நாளாக அவன் பூசி மெழுகி வந்தது இதைத்தான்.

"விபத்துல அடிபட்டப்ப தோள்ல உலோகத் தகடு வச்சாங்க மேடம்" என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "நான் இடது கையால தூக்கிப் பிடிச்சாத்தான் வேலை செய்யுது. என் உடம்பும் சேர்ந்துதான் அலையை இழுக்குது போல."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "இதைப் போய் ஏன் சார் மறைச்சீங்க? கம்பி புதுசு இல்ல, நீங்கதான் புதுசு. இப்படி ஒரு உடம்பு வேற யாருக்கு இருக்கு? கருவியோட ஒரு உறுப்பா உங்களையும் சேர்த்து எழுதட்டுமா?"

"தாராளமா எழுதுங்க மேடம்."

புதுமைமானி நெடுநேரம் யோசித்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்தது. இருதயராஜ் அத்தனை பேர் முன்னாலும் அழுதேவிட்டான்.

ஊருக்குப் போகும் கப்பலின் வாசலில் காவல்பொறி அவனை மேலும் கீழும் அளந்தது. "காப்புரிமை பெற்ற கருவியின் உறுப்பு. நிலையத்தை விட்டு எடுத்துச்செல்ல அனுமதி இல்லை."

பையும் கையுமாகக் கஸ்தூரியிடம் ஓடினான். விதிகளைப் படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது.

"கண்டுபிடிச்சவர் போகலாம் சார், தடையே இல்ல. கருவிதான் இங்கயே இருக்கணும்."

"ரெண்டும் நான்தானே மேடம்?"

அவள் விதிகளை மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"அப்ப தகட்டை எடுத்துருதேன்."

"அது கம்பெனி பொருளைச் சேதப்படுத்துற குற்றம்."

"காப்புரிமையே வேண்டாம். ரத்து பண்ணிருங்க."

"ரத்து பண்ணணும்னா வேற ஒருத்தர் பிடிச்சும் குரல் வரணும். வந்தா காப்புரிமை போயிடும். அது போனா உங்க விடுதலையும் போயிடும் சார்."

தன்னைப் போல யாரும் இல்லை என்று காட்ட நாய்படாத பாடு பட்டவன், இப்போது தன்னைப் போல ஒருவன் இருந்தாலும் மாட்டினான், இல்லாவிட்டாலும் மாட்டினான்.

கப்பல் கிளம்பியது. கண்டுபிடிப்பாளர் பெயரில் போட்டிருந்த இருக்கை காலியாகவே போனது. நிலையக் கணினிக்கு இந்தத் தகராறெல்லாம் தெரியாது. 'உங்கள் கணவர் விடுவிக்கப்பட்டார்' என்று முறைப்படி வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டது.

செலினின் பதில் வந்தபோது அவன் இடது கையைத் தூக்கிக்கொண்டு அலைக்கொம்போடு நின்றிருந்தான். வலது கையால் திரையைத் தட்டி அவள் குரலைக் கேட்டான்.

"குலசேகரப்பட்டினம் இறங்குதளத்துக்கு இப்பவே வந்துட்டேன். சீலாமீன் குழம்பு தூக்குச்சட்டில இருக்கு. ஆறுறதுக்குள்ள வந்துருங்க."

அடிச்சுரங்கத்திலிருந்து ஒரு குரல் கரகரத்தது. "கையை ஆட்டாதீய அண்ணாச்சி. ஒண்ணும் கேக்கல."