இரண்டு பதினாலு

அன்று காலை பெரட்டுக் களத்தில் யாரும் கொழுந்துக் கூடையைத் தொடவில்லை.

பெரட்டுக் களம் என்றால், தேயிலை எஸ்டேட் ஆட்கள் விடிந்ததும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் இடம். மார்கழி மாதம். உப்பைத் தூவிவிட்டது போலப் புல்லெல்லாம் உறைபனி. வருஷத்துக்கு ஒருமுறை எஸ்டேட் கொடுக்கும் கம்பளியை வாங்க மேல் லயம், கீழ் லயம் என்ற இரண்டு குடியிருப்பு வரிசைகளும் திரண்டு நின்றன.

கிளார்க் யாக்கோபு மடிப்பு மடிப்பான ஒரு நீளத் தாளோடு வந்தார். தாளின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள்.

"இனி பழைய நோட்டு வேண்டா" என்றார் மலையாளம் கலந்த தமிழில். "கொச்சி ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வந்தாச்சு. ஒரு ரூம் நிறைய மெஷின். அது அடிச்ச லிஸ்டாக்கும் இது. அந்த ரூமை எப்பவும் குளிரா வைக்கணுமாம்."

"குளிருதான் வேணும்னா இங்கன வந்து ஒரு ராத்திரி படுக்கச் சொல்லுங்க சார்" என்றாள் மேல் லயத்துச் சந்தனம். எல்லோரும் சிரித்தார்கள்.

யாக்கோபு நம்பரும் பேரும் வாசித்தார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கம்பளி வாங்கிப் போனார்கள். பத்து வயது பூமாரி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா வேலுத்தாயின் நம்பர் பதினாலு.

"பதினாலு, ராக்கப்பன்!"

ராக்கப்பன் கீழ் லயத்துக்காரர். வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாற்பத்து மூன்றோடு தாளும் முடிந்தது.

"எம்பேரு எங்க சார்?" என்றாள் வேலுத்தாய்.

"லிஸ்ட்ல இல்ல."

"நான் இங்கனதான நிக்கேன்!"

"நிக்கறது காணுது. லிஸ்ட்ல காணல்லே. ஞான் என்ன செய்யும்?"

வேலுத்தாய் மட்டுமில்லை. மேல் லயத்தில் வேலை செய்பவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதில் முப்பத்தெட்டு பேரைக் காணோம். கீழ் லயத்திலோ ஒருவர்கூட விடுபடவில்லை.

"கீழ் லயத்துக்காரவுகதான் மேனேஜருக்குச் செல்லப்பிள்ளைக!" என்று ஒருவர் கத்தினார். அதற்குக் கீழ் லயத்திலிருந்து பதில் வந்தது. மேல் லயத்துக் கங்காணி கருத்தப்பாண்டியும் கீழ் லயத்துக் கங்காணி பெரியமுத்துவும் குறுக்கே விழுந்து விலக்கினார்கள். சட்டப்படி அவர்கள் இப்போது சூப்பர்வைசர்கள். லயத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் வேலுத்தாய் பானைகளைக் கோணிச் சாக்கில் அடுக்கத் தொடங்கினாள்.

"என்னம்மா செய்யுத?"

"போன மாசம் கூரை ஒழுகுதுன்னு மேனேஜர் பங்களாவுக்கே போய்ச் சத்தம் போட்டோம்ல? அதுக்குத்தான் பேரை வெட்டிட்டாக. நாளைக்கு வேலையும் இல்லம்பாக. போடிக்கு உன் மாமன் வீட்டுக்குப் போயிருவோம்."

மாமா வீட்டில் ஒரே அறைக்குள் ஒன்பது பேர். அங்கே போனால் பூமாரிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மாமா மகள் செய்வது போல அவளும் ஏலக்காய் பொறுக்கத்தான் போக வேண்டும்.

ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. பங்களாவில் எல்லோரையும்விடப் பெரிதாகச் சத்தம் போட்டது சந்தனம் அத்தைதான். மேனேஜரின் நாய்கூட அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்த அத்தைக்குக் கம்பளி வந்துவிட்டதே! சண்டை போட்டதற்காக வெட்டினால் முதலில் அவளைத்தானே வெட்டுவார்கள்?

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த நஞ்சப்பன் சார். அன்று அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "ஏழு!" என்றார்.

"உள்ளேன் சார்!" பூமாரி எழுந்தாள். மூன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு பொடியனும் எழுந்தான்.

"ஏனுங்க, ரெண்டு ஏழு நிக்குது?" என்று சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "எந்தக் கிளாஸுன்னு சொல்லாமக் கூப்பிட்டது என் தப்புங்க. உக்காருங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். பூமாரி சிரிக்கவில்லை. நின்றபடியே யோசித்தாள்.

மதியம் மணி அடித்ததும் சிலேட்டோடு தோட்டத்துக்கு ஓடினாள்.

"அத்தை, உங்க நம்பரு என்ன?"

"நாப்பத்தொண்ணு. எதுக்குட்டி கேக்க?" என்றாள் சந்தனம்.

மேல் லயத்தில் கம்பளி கிடைத்த மற்ற நால்வரையும் தேடிப் பிடித்தாள். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. கடைசியாகப் பெரியமுத்துவிடம் போய் மூச்சு வாங்க நின்றாள்.

"தாத்தா, கீழ் லயத்துல கடைசி நம்பரு எது?"

"முப்பத்தெட்டு. ஏன் தாயி இப்படி இரைக்குது உனக்கு?"

அதற்குள் பூமாரி ஆபீசுக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

யாக்கோபுவின் மேசையில் சிவப்பு அட்டை நோட்டு ஒன்றும் நீல அட்டை நோட்டு ஒன்றும் இருந்தன. சிவப்பு மேல் லயத்துக்கு, நீலம் கீழ் லயத்துக்கு. அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த ஆபீசில் அப்படித்தான்.

"சார், இந்த நோட்டு ரெண்டையும் கொச்சிக்கு அனுப்புனீங்களா?"

"நோட்டு எதுக்கு? கொச்சி ஆபீஸ்ல இருந்து ஃபாரம் அனுப்பிச்சு. ஞான் நம்பரும் பேரும் எழுதி அனுப்பிச்சு. முதல்ல சிவப்பு, பின்னே நீலம்."

"ரெண்டுலயும் பதினாலு இருக்குல்ல?"

"உண்டு. அதுக்கெந்தா?"

"நீங்க நோட்டை எடுக்கும்போதே உங்களுக்கு எந்தப் பதினாலுன்னு தெரிஞ்சிரும். மெஷினுக்கு எப்படி சார் தெரியும்? அட்டையோட கலரு கொச்சிக்குப் போகலையே!"

யாக்கோபு பேனாவைக் கீழே வைத்தார்.

பூமாரி சிலேட்டில் 'வேலுத்தாய்' என்று எழுதினாள். அதை அழித்து அதே இடத்தில் 'ராக்கப்பன்' என்று எழுதினாள். "இப்படித்தான் ஆயிருக்கும். முப்பத்தெட்டு வரைக்கும் சிவப்பை அழிச்சு நீலம் உக்காந்துருச்சு. அதுக்கு மேல அழிக்க நீலத்துல ஆளில்ல. அதான் சந்தனம் அத்தை தப்பிச்சிட்டாக."

யாக்கோபு லிஸ்டை இழுத்து விரல் வைத்துப் பார்த்தார். இரண்டு முறை பார்த்தார்.

"என்டெ மாதாவே! ஃபாரம் எழுதினது ஞானல்லோ. மேனேஜர் அறிஞ்சா என் பேரை வெட்டும்."

காலையில் அம்மாவிடம் அப்படிப் பேசியவர்தான். ஆனாலும் அவர் பயப்படுவதைப் பார்த்ததும் பூமாரிக்குக் கோபம் பாதி குறைந்தது.

"நோட்டுல இருந்ததத்தான சார் எழுதுனீங்க? கலரு எழுத ஃபாரத்துல கட்டமே இல்லன்னு சொல்லுங்க. அது நிசந்தான?"

"நிசம். சரி, இனி எந்தா செய்யா? கம்ப்யூட்டருக்குக் கலர் அறியாதே."

"நம்பரு தெரியும்ல? அதுக்குத் தெரிஞ்சதுலயே சொல்லிருவோம். சிவப்புக்கு முன்னால ஒண்ணு, நீலத்துக்கு முன்னால ரெண்டு." சிலேட்டில் 114 என்று எழுதி, பக்கத்தில் 214 என்று எழுதினாள்.

"ஏழாம் நம்பருக்கு?"

பூமாரி 17 என்று எழுதினாள். எழுதிவிட்டு உதட்டைக் கடித்தாள். பழைய பதினேழாம் நம்பர்க்காரர் சண்டைக்கு வந்துவிடுவார். நடுவில் ஒரு பூஜ்யத்தை நுழைத்தாள். 107.

யாக்கோபு சிலேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு நடந்தார். போகும்போது இரண்டு முறை நின்று, சொல்ல வேண்டியதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் சிவப்பு நோட்டைப் பார்த்தே முப்பத்தெட்டு கம்பளியும் கொடுத்தாகிவிட்டது. மேனேஜர் கொச்சிக்குக் கடிதம் எழுதினார், தானே கண்டுபிடித்த யோசனை என்று. பூமாரியின் பேர் அதில் இல்லை. அவளுக்கு அது தெரியாது. சந்தனத்துக்குத் தெரிந்தபோது அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

வேலுத்தாய் மட்டும் சாக்கை அவிழ்க்கவில்லை. "புது லிஸ்டு வரட்டும். அதுல பேரைப் பாத்தாத்தான் நம்புவேன்" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து அது வந்தது. காலைப் பெரட்டில் யாக்கோபு தாளை விரித்தார். நூற்றொன்று, நூற்றிரண்டு என்று போய்க்கொண்டிருந்தது. வேலுத்தாய் மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நூத்திப் பதினாலு, வேலுத்தாய்!"

பூமாரி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கேன் சார்!" என்றாள் வேலுத்தாய். ஒருமுறை சொன்னது போதாதென்று இன்னொரு முறையும் சொன்னாள்.