கோத்தகிரியிலிருந்து வந்த மூட்டை

தேயிலை விவசாயியின் கண்ணீரைத் துடைக்கவென்றே உலகத்தில் சிலர் பிறக்கிறார்கள். அப்படிப் பிறந்த கொளஞ்சிநாதன், நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைக் காலை, டீ ஆறிப்போய்விட்டதென்று மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. ஓய்வு நேரத்தில் 'நியாய விலைத் தேநீர் மன்ற'த்தின் தலைவர். விளைவிப்பவனுக்கு உரிய விலை கொடுத்துத்தான் டீ குடிக்க வேண்டும் என்று பிளாக் பிளாக்காகப் போய்ப் பேசுவார். அவர் வீட்டில் மட்டும் தேயிலைக்கு விலையே கிடையாது. கோத்தகிரியில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் மைத்துனன் சாமிக்கண்ணு, பொங்கல் சீராக வருடா வருடம் ஒரு மூட்டை தூள் அனுப்பிவிடுவான். மன்றத்திலும் அதுதான் கொதிக்கும். 'மலை வாசனை' என்று உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

மாலையில் ஆண்டு விழா. சாமிக்கண்ணுவுக்குத்தான் பொன்னாடை. வீட்டிலோ காலை டீக்குப் போட்டதுபோக ஒரு சிட்டிகை தூள்கூட மிச்சமில்லை.

"நேத்து பண்ருட்டி மொத்தக் கடையிலேருந்து வெறுஞ்சாக்கோட வந்தியாமே. பக்கத்து வூட்டு ஜானகியம்மா பாத்துட்டுச் சொல்றாங்க. ஏழ விவசாயி அனுப்புன தூள எடுத்துகினு போயி வித்திருக்கியே அம்சா… மைக்க புடிச்சிகினு நான் எந்த மூஞ்சியோட பேசுவேன்?"

உண்மை அம்சவல்லிக்குத் தெரியும். சொன்னால் தம்பியின் மானம் போய்விடும். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு டீயை மறுபடி சுட வைத்தாள்.

அந்நேரம் பார்த்துச் சாமிக்கண்ணு உள்ளே வந்தான். கையில் மாற்றுச் சட்டை வைத்த மஞ்சப்பை மட்டும்.

"வா மாப்ள. நீ அனுப்புன மூட்டைய ஒங்கக்கா வித்துட்டா."

"எந்த மூட்ட மாமா? மூணு வருஷமா நான் ஒண்ணுமே அனுப்பலீங்களே. பச்ச இலைக்கு ஃபேக்டரியில குடுக்குறது பறிக்கிற கூலிக்கே சரியாப் போவுது. அதச் சொல்லத்தான் கூச்சப்பட்டுகினு வந்தேன்."

"ஒன் தோட்டத்துத் தூளு. அத அனுப்ப என்னய்யா செலவு?"

"தோட்டத்துல தூளா காய்க்குது? நாங்க இலைய விக்கிறவங்க. முன்னாடி அனுப்புனதும் கடையில வாங்குனதுதான்."

மன்றத்தின் எந்தக் கூட்டத்திலும் இந்தச் செய்தி வெளியானதில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இந்த மூணு வருஷமா வந்தது…?"

"ஜாக்கெட் தச்ச காசுல நான்தான் பண்ருட்டியில வாங்கியாந்து கொட்டி வெச்சேன்," என்றாள் அம்சவல்லி. "தாய்வூட்டுச் சீரு நின்னு போச்சான்னு நீங்க ஒரு வார்த்த கேட்டுடக் கூடாதேன்னு… நேத்து காசு பத்தல, திரும்பிட்டேன். ஊருக்கெல்லாம் விவசாயி கஷ்டத்த சொல்றீங்களே, ஒரு தடவையாச்சும் என் தம்பிக்குப் போன் போட்டு, இலை என்னா வெல போவுதுன்னு கேட்டிருக்கீங்களா?"

சாமிக்கண்ணு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். கொளஞ்சிநாதன் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டு, மேடையில் அழுவதைவிடக் கொஞ்சம் சத்தம் குறைவாக அழுதார்.

"என்ன மன்னிச்சிடு அம்சா. இனிமே இந்த வூட்டுல சீரு மூட்டைங்கற பேச்சே கெடையாது." மூக்கை உறிஞ்சினார். "ஆனா… சாயங்காலம் கூட்டத்துக்கு?"

"கடை மத்தியானம் வரைக்கும் தொறந்திருக்கும். நீங்களே போய் வாங்கியாங்க."

சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பண்ருட்டி பஸ் ஏறினார். கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி, கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைத்து வாங்கினார்.