இருபத்துநான்காவது கர்லர்

ஃபில்டருக்குள் மறுபடியும் ‘டிக்’ என்றது.

டெட்லெஃப் காப்பிக் கோப்பையை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார். பிரேமர்ஹாஃபன் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிய மனிதர். இந்த மீன்தொட்டி மோட்டார் எதற்கு முனகும், எதற்கு இருமும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இது மோட்டார் போடுகிற சத்தமில்லை. காலையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எதையோ அழுத்தி மாட்டுகிற மாதிரி. எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தார். இதோடு பத்தொன்பது.

நேற்றுத்தான் ஃபில்டரைப் பிரித்து மாற்றியிருந்தார். கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்க உள்ளே ஓட்டை ஓட்டையாக ஏதாவது நிரப்ப வேண்டும். மீன் வளர்ப்போர் சங்கத்து ஊவேதான் யோசனை சொன்னான்.

“கடையில ஏன்யா காசைக் கொட்டுற? முடி சுருட்டுற பிளாஸ்டிக் கர்லரே போதும். வீட்ல கிடக்கும்ல?”

கிடந்தது. குளியலறை இழுப்பறையில் ஹைட்ரூனுடைய இருபத்துநான்கு கர்லர்கள். பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் கிடந்த மனைவி கேட்டது அதை மட்டும்தான்.

“ஞாயித்துக்கிழமை ஆளுங்க பாக்க வருவாங்க. கர்லரை எடுத்துட்டு வா, டெட்லெஃப். இந்தக் கோலத்துல என்னை யாரும் பாக்கக் கூடாது.”

அவர் மறந்துபோனார். இரண்டு தடவை. படிந்து ஒட்டிய முடியோடுதான் அவளைச் சவப்பெட்டியில் வைத்தார்கள். அந்த வெட்கம் இன்னும் அவர் நெஞ்சை அறுக்கிறது. கண்ணில் படாமல் தொலையட்டும் என்றுதான், அவற்றைத் தலையில் குத்தி நிறுத்தும் பின்களை இழுப்பறையிலேயே விட்டுவிட்டு, கர்லர்களை மட்டும் பழைய ஃபில்டர் சேற்றில் புரட்டி உள்ளே கொட்டி மூடினார். புது ஃபில்டருக்குப் பழைய சேறுதான் உறைமோர்.

டிக். இருபது.

ஞாயிறு மத்தியானம், ஊர்ச் சட்டப்படி ஆணிகூட அடிக்கக் கூடாத நேரம். கட்டடமே வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு லூர்ஸ் அம்மா படியேறி வந்து மணியடித்தாள்.

“ஞாயித்துக்கிழமையும் அதுவுமா காலையிலேர்ந்து யாரோ பாடிட்டே இருக்காங்க. ரேடியோவை அணைங்க.”

வீட்டில் ரேடியோ இல்லை. முடி சுருட்டும்போது ஹைட்ரூன்தான் பாடுவாள், பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூக்காலேயே. அவர் கதவைச் சாத்தினார்.

இருபத்தொன்று. இருபத்திரண்டு.

ஃபில்டரிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயில் தண்ணீர் சுருங்கி, சொட்டாகி, நின்றது. அவள் முட்டையிலிருந்து வளர்த்த ஆறு டிஸ்கஸ் மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஃபில்டரைத் திறந்து சரிசெய்யாவிட்டால் ராத்திரிக்குள் ஆறும் செத்துவிடும். அவளுடையது என்று மிச்சமிருப்பவை அவைதான். இதையும் கோட்டை விட்டால் அவர் மனுஷனே இல்லை.

ப்ளக்கைப் பிடுங்கினார். மோட்டார் அடங்கியது.

டிக்.

தொட்டிக்கு அடியில் முட்டி போட்டு ஃபில்டர் மூடியைத் தூக்கினார். சேற்று வாடை. அதற்குள் அவளுடைய ஹேர் ஸ்ப்ரேயின் வாசனை.

கொட்டிய கர்லர்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் நரைமுடி. ஈரமாக, இறுக்கமாக, சனிக்கிழமை சாயங்காலம் அவள் சுற்றுகிற அதே ஒழுங்கில். ஒவ்வொன்றிலும் ஒரு பின்.

எண்ணினார். இருபத்துமூன்று.

ஒன்று குறைந்தது. சேற்றில் துழாவினார். இல்லை.

“மன்னிச்சிடு, ஹைட்ரூன்.”

மூக்கால் பாடும் சத்தம். பக்கத்தில். பின்னால்.

குளிர்ந்த விரல்கள் அவர் பிடரி முடியைக் கொத்தாகச் சேர்த்தன. ஒரு கர்லரில் சுருட்டின. இறுக்கின.

தலை தானாக நிமிர்ந்தது. தொட்டிக் கண்ணாடியில் அவர் முகம். அதற்கு மேலே இன்னொரு தலை. அதில் ஒரு முடிகூட இல்லை. பற்களுக்கு நடுவே கடைசிப் பின்.