நிமிடத்துக்குப் பத்து

மீன்தொட்டி பழுதுபார்க்கும் அவரைக் கடையில் எல்லோரும் நீர்மூழ்கி என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி நாள் அவருடைய கை தோள்வரை தண்ணீருக்குள் இருக்கும். அன்று மதியம் மூன்று மணிக்கு அவர் போன வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. கதவைத் திறந்த பெண் நர்ஸ். வேலையிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

“மெதுவா பேசுங்கண்ணே. அவர் படுத்திருக்காரு.”

“படுத்துத்தான் இருக்கேன். தூங்கலை,” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது. “யாரு, மீன் டாக்டரா? மீனுங்கல்லாம் நல்லாத்தான் தூங்குது. என்னைப் பார்க்கச் சொல்லு.”

அவள் கணவர், இரவுப் பேருந்து ஓட்டுநர். பகலில்தான் அவருக்குத் தூக்கம். பதினைந்து நாளுக்கு முன், யாரோ வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், இந்தப் பெரிய தொட்டியைக் குழாய்களோடு சேர்த்து வாங்கி வந்திருந்தார். அன்றிலிருந்து அதன் சத்தத்தில் கண் மூடவில்லை.

“நேத்து ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சாம்,” நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். “உள்ள நாப்பது பேர். இன்னைக்கும் டூட்டி இருக்கு. அதுக்குள்ள அவர் கொஞ்சமாவது தூங்கியே ஆகணும்.”

“பம்பை நிறுத்திப் பார்த்தீங்களா?”

“பார்த்தோம்,” என்றாள். தொட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினாள்.

தொட்டி சுவரோரமாக, ஓர் ஆள் நீளத்துக்கு இருந்தது. மேலே வழியும் தண்ணீர் மூலையிலிருந்த ஒரு குழாய்க்குள் விழுந்து, கீழ் அலமாரிக்குள் இருந்த சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து பம்பு அதை மேலே ஏற்றும். அலமாரியைத் திறந்ததும், நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையின் வாடை வந்தது. புதிதாகத் தண்ணீர் நிரப்பிப் பதினைந்து நாள்தான் ஆகிறது. இந்த வாடைக்கு இடமில்லை.

வேலையைத் தொடங்கினார். பம்பு அலமாரிப் பலகையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் தடித்த பஞ்சு வைத்ததும் அந்த ரீங்காரம் அடங்கியது. குழாயின் கீழ்நுனி சின்னத் தொட்டியின் தண்ணீருக்கு மேலே நின்று சளசளத்தது. அதை நீட்டி உள்ளே முக்கினார். அதுவும் நின்றது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம்.

குளக். ஓர் இழுப்பு. பிறகு, மெல்லிய ஒரு விடுப்பு.

விழும் தண்ணீர் காற்றையும் சேர்த்து விழுங்கும். அதனால்தான் குழாய் கொப்பளிக்கிறது. காற்று சீராகப் போக, குழாயின் மேல்மூடியில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அந்தத் துளையில் காற்று உள்ளே மட்டும்தான் போகும். அவர் வழக்கம்போல் மெல்லிய காகிதத்தைக் கிழித்து துளையருகே பிடித்தார்.

காகிதம் உள்ளே இழுபட்டது.

வெளியே தள்ளப்பட்டது.

மறுபடி உள்ளே.

இருபது வருடத்தில் எந்தக் குழாயும் அப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. பம்பை நிறுத்தினார். தண்ணீர் வழிவது நின்றது. மீன்கள் அசையாமல் ஒரே பக்கம் பார்த்து நின்றன.

காகிதம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“நிமிஷத்துக்குப் பத்து,” என்றாள் நர்ஸ். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “தொட்டி வந்த அன்னைக்குப் பதினெட்டு. குறைஞ்சுக்கிட்டே வருது. வார்டுல ஒருத்தருக்கு மூச்சு இப்படிக் குறைஞ்சா, நாங்க பக்கத்தை விட்டு நகர மாட்டோம்.”

“குழாய்ல ஏதாவது அடைப்பா இருக்கும்மா,” என்றார் அவர். அவருக்கே அது ஒட்டவில்லை.

அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் துளையை மூடிப் பார்ப்பது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

பால் குடிக்கும் குழந்தை விரலைச் சப்புவதைப் போல உள்ளேயிருந்து இழுத்தது. பிறகு வெதுவெதுப்பாகத் தள்ளியது. மூன்றாம் முறை பலமாக இழுத்தது.

அப்புறம் ஒன்றுமில்லை.

வீடு அமைதியானது.

“அப்பாடா,” உள்ளறையிலிருந்து ஓட்டுநர் சொன்னார். “நின்னுடுச்சு. நல்லா இருப்பீங்க டாக்டரே.” கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது. அவர் புரண்டு படுத்திருக்க வேண்டும்.

நர்ஸ் முதல்முறையாகச் சிரித்தாள். அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “தூங்கிட்டாரு,” என்று கிசுகிசுத்தாள்.

அப்போதுதான் உள்ளறையில் கேட்டது.

குளக். ஓர் இழுப்பு. மெல்லிய ஒரு விடுப்பு.

அவள் ஓடினாள். அவரும் பின்னால் போனார். ஓட்டுநர் மல்லாந்து கிடந்தார், முகத்தில் நிம்மதி. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் தண்ணீர் புரண்டது. அவள் கணவரின் தோளை உலுக்கினாள், கன்னத்தில் தட்டினாள், நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்த்தாள். இமைகூட அசையவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள். உள்ளே காய்ந்திருந்தது.

“பத்து,” என்றாள், எண்ணி முடித்து. அடுத்த நிமிடம், “ஒம்பது.”

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினாள். “அண்ணே, அந்தச் சத்தத்தைத் திரும்பக் கொண்டு வாங்க.”

நீர்மூழ்கி தொட்டிக்கு ஓடினார். துளையைத் திறந்துவிட்டார். பம்பைப் போட்டார். மூடியையே கழற்றி எறிந்தார். பஞ்சைப் பிடுங்கினார். நுனியை மறுபடி மேலே தூக்கிவிட்டார். எதைச் செய்தாலும் தண்ணீர் ஓசையின்றி வழிந்தது. அவர் வாழ்நாளில் எந்தத் தொட்டியையும் இவ்வளவு அமைதியாக ஓடவைத்ததில்லை.

“எட்டு,” என்று அறையிலிருந்து குரல் வந்தது. “என்னண்ணே பண்றீங்க? எட்டு.”

வெறும் குழாயின் வாயில் முகத்தை வைத்து, என்ன சொல்வதென்று தெரியாமல், “விட்டுடு,” என்று கெஞ்சினார். ஆம்புலன்ஸ் ஆட்கள் படியேறி வந்தபோது அவர் அப்படித்தான் முட்டிபோட்டு நின்றிருந்தார்.

மூன்றாம் நாள் காலை அவள் போன் செய்தாள்.

“மூச்சுக்கு மெஷின் வச்சிருக்காங்கண்ணே. தொண்டைக்குள்ள ஒரு குழாய் போகுது.”

“டாக்டர் என்னம்மா சொல்றாரு?”

“இவரு தானா ஒரு மூச்சுகூட எடுக்கலைன்னு சொல்றாரு. மெஷின் நிமிஷத்துக்குப் பதினாலு குடுக்குது. நான் நெஞ்சைப் பார்த்து எண்ணினா இருபத்தஞ்சு வருது. மெஷின் கோளாறுன்னு வேற மாத்தினாங்க. அதுலயும் அப்படித்தான். நீங்க குழாய் வேலை பண்றவராச்சே. ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

தன்னால் ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

“அந்த மிச்சம் பதினொண்ணு யாரோட...” என்று ஆரம்பித்தார்.

“நேத்து ஒம்பதுதான் இருந்துச்சுண்ணே,” என்றாள்.