மிச்சம் சைபர்

இந்தக் காலத்து ஆட்களுக்குத் தும்மல் வந்தால்கூட, முதலில் மணிக்கட்டைப் பார்க்கிறார்கள். தும்மினால் உடம்பில் எவ்வளவு தேயும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் மூக்கைத் திறக்கிறார்கள். ஏகாம்பரத்துக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அம்பத்தூர் ஐஸ் ஹாக்கி அரங்கில், சென்னை அணியின் பெஞ்சுக்கு முன்னால் இடுப்புயரக் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து மூடுவதுதான் அவர் வேலை. முழு வேகத்தில் நாற்பத்தைந்து நொடி பனியில் சறுக்கினால் எந்தக் கொம்பனுக்கும் நாக்குத் தள்ளிவிடும். ஆட்டம் நிற்காமலே ஒருவன் உள்ளே வர, இன்னொருவன் இறங்க வேண்டும். அப்படி ஒருதரம் இறங்கி ஏறுவது ஒரு முறை.

முன்பெல்லாம் கதவு திறப்பதற்குள் முட்டி மோதிக்கொண்டு ஓடுவார்கள். தேய்வுமானி வந்தது, எல்லாம் போச்சு. முழங்காலில் ஒட்டும் ஒரு வில்லை அது. எலும்பையும் நாரையும் துழாவி, இந்த உடம்புக்கு இன்னும் இத்தனை முறைதான் என்று மணிக்கட்டுப் பட்டையில் எண் காட்டும். சைபரைத் தொட்டால் ஆடும் உரிமம் ரத்து. எல்லோருடைய மிச்சமும் கூரைப் பலகையில் எரியும். கோல் போட்டவனைவிட மிச்சம் அதிகம் வைத்திருப்பவனுக்குத்தான் இப்போது விசில்.

இன்று இறுதி ஆட்டம். இரண்டுக்கு இரண்டு, ஒரு நிமிஷம் பாக்கி. பனியிலிருந்து ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தான். ஏகாம்பரம் கதவைப் பிடித்தபடி நின்றார். எவனும் எழவில்லை.

“டேய், யாராவது இறங்குங்கடா! அங்க ஒரு ஆள் குறையுது!”

“எதிர் டீமும் ஒரு ஆளைக் குறைச்சுட்டாங்க பெரிசு. சரிக்குச் சரி,” என்றான் அறுநூறு மிச்சம் வைத்திருந்த பிரணவ்.

“சேத்து வெச்சு என்னடா பண்ணப்போறே? ஊறுகா போடவா?”

யூஜின் எழுந்தான். பதினோரு வருஷம் ஆடியவன். முன்பல் இரண்டு இல்லை. அவன் மிச்சம் ஒன்று.

பயிற்சியாளர் வினோதினி கையை நீட்டி மறித்தாள். “உக்காரு யூஜின். இப்ப போனா நாளைலேருந்து நீ ஆட்டக்காரனே இல்ல. அந்த ஒண்ணு இருக்கட்டும், அடுத்த வருஷமும் டீம்ல இருக்கலாம்.”

“உக்காந்துக்கிட்டேவா மேடம்?”

“கதவு திறந்துதான்டா இருக்கு,” என்றார் ஏகாம்பரம். “போறியா, சாத்தட்டுமா?”

யூஜின் அவள் கைக்கடியில் குனிந்து பாய்ந்தான். மூலையில் இருவரை இடித்துத் தள்ளி, கறுப்பு வட்டைப் பறித்து, விழுந்தபடியே மட்டையால் தள்ளினான். வலைக்குள் போனது. சங்கு ஊதியது. ஆட்டம் முடிந்தது.

பலகையில் அவன் பெயருக்கு நேரே சைபர். ஜெயித்த அரங்கம் உச்சுக்கொட்டியது.

“கால் எப்படிடா?” என்று கதவருகே வந்தவனைக் கேட்டார் ஏகாம்பரம்.

“கல்லு மாதிரி இருக்குண்ணே.” அங்கேயே நாலுதரம் குதித்துக் காட்டினான்.

“பாரும்மா, நல்லாத்தானே இருக்கான்? இன்னும் ஆட விடு,” என்று வினோதினியிடம் திரும்பினார்.

“தேய்வுமானி இதுவரைக்கும் தப்பினதே இல்ல, பெரியவரே.”

“சைபருக்கப்புறம் எத்தனை பேரை ஆட விட்டீங்க?”

“ஒருத்தரையும் இல்ல.”

“பின்ன தப்பலைன்னு எப்படித் தெரியும்?”

“சைபருக்கப்புறம் ஆட்டத்துல யாருக்குமே முட்டி உடைஞ்சதில்லையே!” அவள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள்.

ஏகாம்பரம் யூஜின் பக்கம் திரும்பினார். அவன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தன்னால் முழங்காலுக்குப் போயிற்று. உடைமாற்றும் அறைப் பக்கம் இரண்டடி வைத்தான். மூன்றாவது அடியில் வலது காலை இழுத்தான்.

“ஏன்டா நொண்டறே? இப்பத்தானே குதிச்சே?”

“தெரியலண்ணே. உள்ள என்னமோ பண்ணுது.”

மருத்துவர் ஓடிவந்து அவனைத் தாங்கிக்கொண்டார். “மானி சொல்லிச்சு, பாத்தீங்களா?” என்று வினோதினி கண்ணைத் துடைத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பயபக்தியோடு அவரவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்கள்.

“ஒரு மண்ணும் சொல்லல,” என்றார் ஏகாம்பரம்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கதவை அப்படியே விட்டுவிட்டு, ரப்பர் செருப்போடு பனியில் இறங்கி, எதிர்ப்பக்க வாசலை நோக்கி நடந்தார்.

“பெரிசு, வழுக்கும்!” என்று பிரணவ் கத்தினான்.

அவர் திரும்பவில்லை.