அருவருப்புச் சில்லு

செவ்வாய்க் கோளின் தென்குடில் குடியிருப்பில் பொழுது விடிந்ததும் வீட்டுக்கு வீடு குழாயில் தண்ணீர் வரும். முந்தைய நாள் அக்கம்பக்கத்தார் கழித்த சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்த தண்ணீர். யாரும் முகம் சுளிப்பதில்லை. குழந்தைகள்கூட மடமடவென்று குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும்.

வறுத்த மிளகாயின் நெடி வந்தால் மட்டும் தெருவே மூக்கைப் பொத்திக்கொள்ளும்.

எவரிஸ்தோ மெக்சிகோவிலிருந்து குடியேறிய புதிதில் ஓய்வுநாள்தோறும் அவன் அறையில் மிளகாய் வறுபட்டது. பெருவிலிருந்தும் பொலிவியாவிலிருந்தும் வந்தவர்கள் கூடுவார்கள். கட்டித் தழுவுவார்கள், கன்னத்தில் முத்தமிடுவார்கள். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டும். எதிர்வீட்டார் கதவிடுக்கில் துணியைத் திணித்தார்கள்.

பிறகு நிர்வாகத்தார், குடியேறியவர்களுக்கெல்லாம் காதுக்குப் பின்னால் இசைவுச்சில்லு பொருத்தினார்கள். நாளடைவில் எவரிஸ்தோவுக்கு மிளகாய் நாறியது. தழுவல் பிசுபிசுத்தது. கூட்டம் கலைந்தது. எல்லாம் சில்லின் வேலை என்று குடியேறியவர்கள் பேசிக்கொண்டார்கள், அவனும் நம்பினான். மணிக்கட்டிலிருந்த நலமானி 'மிக நலம்' என்று பச்சை காட்டியது. பேசத்தான் ஆளில்லை.

அந்தத் தனிமை பொறுக்காமல்தான் தெல்ஃபினா அக்காவை வரவழைத்தான். தாயில்லாத அவனை வளர்த்தவள். விண்துறையில் இறங்கியதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவன் உடம்பு மரக்கட்டையாக விறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, கொண்டுவந்திருந்த மிளகாயை அக்கா வாணலியில் போட்டாள். எதிர்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. எவரிஸ்தோ ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தான்.

"தம்பி, என்னடா ஆச்சு?"

முதுகைத் தடவ வந்த கையைத் தட்டிவிட்டான். "தொடாதக்கா! முதல்ல அந்தக் கருமத்தைத் தூக்கிக் கொட்டு. வயித்தைப் புரட்டுது."

அக்கா கரண்டியும் கையுமாக நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் நேராக மருத்துவமனைக்குப் போனான்.

"இந்தச் சில்லை எடுத்துடுங்க டாக்டர். கூடப்பிறந்தவ தொட்டாலே குமட்டுது."

டாக்டர் பூவரசி சில்லைச் சோதித்துப் பார்த்தாள். "இது இந்த ஊர்ப் பேச்சு புரியறதுக்காக வெச்சது. அவ்வளவுதான். குமட்டலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

"அப்போ எனக்கு ஏன் இப்படி?"

பூவரசி கருவியை மூடி வைத்தாள்.

"எங்கம்மா இங்க வந்த புதுசுல கருவாடு சுட்டாங்க. நான் கத்தின கத்துல, அப்புறம் அடுப்புப் பக்கமே போகலை. இந்த ஊர்ப் பேச்சு ஏற்கெனவே தெரியும்னு எனக்கு யாரும் சில்லு வைக்கலை."

திரும்பும் வழியெல்லாம் எவரிஸ்தோவின் வாய் கசந்தது. இம்முறை குமட்டியது தன்னை நினைத்தே.

வீட்டுக் கதவைத் திறந்தான். எந்த மணமும் இல்லை. வாணலி தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தது. மிளகாய் முழுவதும் கழிவுக்குழாயில் போயிருந்தது. அக்கா கூந்தலை எதிர்வீட்டுப் பெண்மணியைப் போலவே இழுத்து முடிந்து, உள்ளூர்ச் சாம்பல்நிறக் கூழைக் குழலிலிருந்து பிதுக்கி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சுடு." எவரிஸ்தோ இரண்டு கைகளையும் விரித்துப் போய் அவளைத் தழுவினான்.

தென்குடிலுக்கு வந்து ஒரு பகல்கூட ஆகாத, இன்னும் சில்லு பொருத்தப்படாத அக்கா, அவன் தோளுக்கு மேலாகத் திறந்திருந்த கதவைப் பார்த்தாள். சட்டென்று அவனைப் பிடித்துத் தள்ளினாள்.

"ச்சீ, தள்ளி நில்லுடா. நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

சொல்லிவிட்டு, அவன் கன்னம் பட்ட இடத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.