நான்கு மணி நிழல்

இன்னும் இருபத்தாறு மணி நேரமும் பத்து நிமிடமும் இருந்தன.

எறும்பு வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டாள். பிறகு இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். அதே விடைதான் வந்தது.

எறும்பு என்பது வகுப்பில் வைத்த பட்டப்பெயர். ஆள் சின்னவள். எதையும் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்ப்பாள். வரிசையில் நின்றால் வரிசை கோணாது.

டீச்சர் ஒரு தாளை உயர்த்திப் பிடித்திருந்தார். ஒரே தாள்தான். மூன்றாக மடித்தால் ஆறு பக்கம் வரும். சுற்றுலா மடிப்பேடு. ஒவ்வொரு குழுவும் ஒரு மடிப்பேடு செய்ய வேண்டும், நம் ஊருக்குள்ளேயே சுற்றிக்காட்ட வேண்டும் என்று போன மாதம் சொல்லியிருந்தார். எதைச் சுற்றிக்காட்டுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு குழுவுக்குப் படிக்கட்டுகள் வந்தன. ஒரு குழுவுக்குக் கடிகாரங்கள். எறும்பின் குழுவுக்கு நிழல்.

'வெயிலுக்கு டாட்டா: ஐந்து நிழல்கள், ஒரு நடை' என்று தலைப்பு வைத்தார்கள். எத்தனை மணிக்கு எங்கே போனால் நிழலில் உட்காரலாம் என்பதுதான் விஷயம்.

"இதுதான் தேர்வாகியிருக்கு," என்றார் டீச்சர். "நாளைக்கு மூணு மணிக்கு ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க இருபத்திரண்டு பேரை இந்த ப்ரோஷரை வச்சே கூட்டிட்டுப் போறோம். இதுல என்ன போட்டிருக்கோ அதுபடி நடப்போம். கடைசி இடம் தண்ணீர்த் தொட்டி. நாலு மணி. அங்க பெஞ்சுல உட்கார்ந்து பிஸ்கட்."

வகுப்பு கைதட்டியது. கொக்கு வெட்கப்பட்டுக் குனிந்தாள். வகுப்பிலேயே உயரமானவள் அவள். படங்களெல்லாம் அவள் வரைந்தவை. வானொலி எழுந்து நின்று நான்கு பக்கமும் கும்பிட்டான். வாசகங்கள் அவனுடையவை. அவன் வாய் தூங்கும்போது மட்டும்தான் மூடியிருக்கும் என்று அவன் அம்மாவே சொல்வார்.

எறும்பு கைதட்டவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிழல் எங்கே விழுகிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதியது அவள்தான். போன சனிக்கிழமை பிற்பகல், கையில் கடிகாரத்தோடு பள்ளி மதில், தபால் நிலையம், பேருந்து நிறுத்தம், நூலகப் படிகள் என்று நான்கு இடங்களுக்கும் போனாள். நான்கிலும் நின்று, நேரம் பார்த்து, குறித்துக்கொண்டாள்.

நூலகத்துக்கு வெளியே செருப்பு வார் அறுந்துபோனது. தார்ச்சாலை சுட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு இன்னும் இரண்டு தெரு நடக்க வேண்டும்.

அவள் தினமும் காலையில் பள்ளிக்கு வருவது அந்தத் தொட்டியைத் தாண்டித்தான். மாலையில் திரும்புவது நூலகத் தெரு வழியாக. பெஞ்சில் எப்போதும் குளிர்ச்சியான நிழல் இருக்கும். தெரிந்த இடம்தானே. நோட்டில் எழுதிவிட்டாள்: 'நான்கு மணி. தொட்டிக்குப் பக்கத்துப் பெஞ்சு. நல்ல நிழல்.'

எழுதிவிட்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் நிழல் இருக்கும் இடத்தில் மாலையிலும் இருக்குமா? இந்தக் கேள்வி இப்போதுதான், கைதட்டலுக்கு நடுவே, அவளுக்குத் தோன்றியது.

"என்னடி முகம் இப்படி இருக்கு?" என்றாள் கொக்கு.

"ஒண்ணுமில்ல."

"ஜெயிச்சதுக்கு யாராவது இப்படி இருப்பாங்களா? பல்லு வலியா?"

"ஆமா," என்றாள் எறும்பு. அதுவும் பொய்.

மூன்றரைக்கு மணி அடித்தது. அச்சிட்ட நாற்பது தாள்களும் இன்னும் மடிக்கப்படாமல் இருந்தன. "நான் வீட்டுல மடிச்சு எடுத்துட்டு வர்றேன்," என்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

சரியாக நான்கு மணிக்குத் தொட்டியின் எதிரே நின்றாள். இன்னும் இருபத்து நான்கு மணி நேரம்.

பெஞ்சின் மேல் வெயில் பளபளத்தது. இரும்புப் பெஞ்சு. எறும்பு ஒரு விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். அதில் இருபத்திரண்டு குட்டிப் பிள்ளைகளை உட்காரவைத்தால் பிஸ்கட்டோடு அவர்களும் வெந்துபோவார்கள்.

நிழல் எங்கே போனது?

அவள் அண்ணாந்து பார்த்தாள். தொட்டி உயரமான தூண்களின் மேல் நின்றது. காலையில் சூரியன் அந்தப் பக்கம் இருக்கும். நிழல் இந்தப் பக்கம், பெஞ்சின் மேல் விழும். இப்போது சூரியன் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அப்படியானால் நிழல் அந்தப் பக்கம்.

தூண்களின் நிழல்கள் நீளநீளமாகச் சாலையில் படுத்திருந்தன. அவற்றின் மேலேயே நடந்தாள். வண்டி வருகிறதா என்று பார்த்துச் சாலையைக் கடந்தாள். அந்தப் பக்கம் ஒரு தச்சுப் பட்டறை. அதன் முற்றத்தில், வட்டமாக, கறுப்புப் பாய் விரித்ததுபோல, தொட்டியின் நிழல் கிடந்தது.

தச்சர் அதில் உட்கார்ந்து ஒரு நாற்காலிக் காலை இழைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, எதையாவது தொலைச்சிட்டியா?"

"நிழலைத் தேடிட்டு வந்தேன்."

தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "கிடைச்சுதா?"

"நீங்க அது மேலதான் உட்கார்ந்திருக்கீங்க."

அவர் தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொண்டார். "அட, ஆமா. மூணே முக்காலுக்கு வரும். நாலரைக்குக் கிளம்பிடும். என் மச்சானும் அப்படித்தான். டீ போட்டா வருவான், குடிச்சா கிளம்பிடுவான்."

எறும்புக்குச் சிரிப்பு வரவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு இருபத்திரண்டு பிள்ளைங்க இங்க வந்து உட்காரலாமா? அரை மணி நேரம்தான். ஒண்ணாம் வகுப்பு."

"இருபத்திரண்டா?" அவர் முற்றத்தைப் பார்த்தார். சுருள்சுருளாக மரச்சீவல். இடையிடையே ஆணிகள். "ஆணியைத் தொடுமா பிள்ளைங்க?"

"தொடாம பார்த்துக்குவோம்."

"அப்படின்னா கண்டிப்பா தொடும்." தலையைச் சொறிந்தார். "எனக்கு நாளைக்குள்ள ஆறு நாற்காலி முடிக்கணும். தரையைச் சுத்தம் பண்ண நேரமில்ல பாப்பா."

"நான் பண்றேன்."

"எப்போ?"

"இப்போ."

தச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு குச்சியைக் கொண்டுவந்தார். குச்சியின் நுனியில் பெரிய காந்தம் கட்டியிருந்தது.

"இதை மெதுவா இழுத்துட்டுப் போ. மூலை முடுக்கெல்லாம் விடாத."

எறும்பு வரிசைவரிசையாக இழுத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. திரும்பவும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. ஆணிகள் 'டிக், டிக்' என்று ஒட்டிக்கொண்டன. அவற்றை ஒரு டப்பாவில் உதறினாள். டப்பா பாதி நிறைந்தது. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"அதான் முடிச்சிட்டியே?" என்றார் தச்சர்.

"சரிபார்க்கிறேன்."

இரண்டாம் முறையில் மூன்று ஆணிகள் கிடைத்தன. மூன்றாம் முறையில் ஒன்றும் இல்லை.

"வரச்சொல்லு," என்றார் தச்சர். "உட்கார நாலு பலகை போட்டுவைக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாற்பது சின்னத் துண்டுகள் வெட்டினாள். ஒவ்வொன்றிலும் எழுதினாள்: 'நான்கு மணி. தச்சுப் பட்டறை முற்றம். தொட்டியின் நிழல் சாலையைத் தாண்டி இங்கே வந்துவிடும். ஆணி கண்டால் தொட வேண்டாம்.' பெஞ்சைப் பற்றிய வரியின் மேல் அதை ஒட்டினாள்.

"கோந்து ராணி, மேசையையும் சேர்த்து ஒட்டிடாத," என்றான் அண்ணன்.

"போடா."

அம்மா ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "கடைக்காரர் அழகா அச்சடிச்சிருக்காரே. இதுல எதுக்கு ஒட்டு?"

"ஒரு சின்னத் திருத்தம்மா."

சொல்லும்போதே தாள்களை அச்சடித்த கடை நினைவுக்கு வந்தது. அச்சுக்கடை அண்ணன் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தார். மடித்தால் எந்தப் பக்கம் முதலில் வரும் என்று வெள்ளைத் தாளை மடித்துக் காட்டினார். பின்பக்கம் தலைகீழாக வந்துவிடக் கூடாதே என்று முதலில் ஒரே ஒரு தாளை அடித்துப் பார்த்தார். "அடிக்கட்டுமா? எல்லாம் சரியா பார்த்துட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். "பார்த்துட்டோம்," என்று சொன்னது எறும்புதான்.

மறுநாள் காலை வானொலி ஒரு மடிப்பேட்டை விரித்துப் பார்த்தான்.

"இதென்ன ஒட்டு?"

"அது... பெஞ்சுல நாலு மணிக்கு வெயில் அடிக்கும். நிழல் பட்டறை முற்றத்துக்குப் போயிடும். மாத்திட்டேன்."

"ஓ. நாம சரியா குடுத்தும் அச்சுக்கடை அண்ணன் மாத்தி அடிச்சிட்டாரா?"

எறும்பு வாயைத் திறந்தாள். அதற்குள் மணி அடித்தது. வாயை மூடிக்கொண்டாள்.

அது தப்பாகப் போயிற்று. வானொலிக்கு ஒரு செய்தி கிடைத்தால் அதற்குச் சக்கரம் முளைத்துவிடும். இடைவேளைக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்தது. மதியத்துக்குள் டீச்சருக்கும் தெரிந்தது.

"எவ்வளவு நல்லா கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்க," என்று டீச்சர் எறும்பின் தோளைத் தட்டினார். "அந்தக் கடைக்காரர் இவ்வளவு அஜாக்கிரதையா இருப்பார்னு நினைக்கல. அடுத்த மாசம் ஆண்டு மலர் வேலை வருது. அதை வேற கடையில குடுத்துக்கலாம்."

எறும்பு மதியச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்தாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எல்லார் கையிலும் ஒரு மடிப்பேடு. பாதிப் பேர் அதை விசிறியாக்கிக்கொண்டார்கள்.

பள்ளி மதிலில் நிழல் இருந்தது. தபால் நிலையத்தில் இருந்தது. பேருந்து நிறுத்தத்திலும் நூலகப் படிகளிலும் எழுதியிருந்த நேரத்துக்கு, எழுதியிருந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொரு முறையும் கொக்கு எறும்பின் கையைப் பிடித்து அழுத்தினாள். "ஒரு நிமிஷம்கூட தப்பலடி. நீ பெரிய ஆளு."

எறும்பு கையை விடுவித்துக்கொண்டாள்.

நான்கு மணிக்குப் பட்டறை முற்றத்தில் கறுப்பு வட்டம் தயாராகக் காத்திருந்தது. நான்கு பலகைகளும் போட்டிருந்தன. தச்சர் முடியைப் படிய வாரியிருந்தார். பிள்ளைகள் நிழலுக்குள் நெருக்கி உட்கார்ந்து பிஸ்கட்டைக் கடித்தார்கள். யார் காலிலும் ஆணி குத்தவில்லை. எதிரே, வெறிச்சோடிய பெஞ்சு வெயிலில் தகதகத்தது.

முன்பல் விழுந்த ஒரு பையனின் கை வியர்வையில் மடிப்பேட்டின் ஒட்டு கிளம்பிவிட்டது. அவன் அதை மெதுவாக உரித்தான்.

"அக்கா, இதுக்கு அடியில வேற என்னமோ எழுதியிருக்கு." எழுத்துக்கூட்டிப் படித்தான். "பெஞ்... சு. நல்ல... நிழல்." நிமிர்ந்து எதிரே இருந்த பெஞ்சைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். "ஆனா அங்க வெயில்தானே அடிக்குது?"

"அது ஒண்ணுமில்லடா," என்றான் வானொலி. "அச்சுக்கடையில தப்பா அடிச்சிட்டாங்க."

"எந்தக் கடை?" என்றார் தச்சர்.

"நம்ம தபால் நிலையத்துக்கு எதிர்ல இருக்கே, அந்த..."

"இரு," என்றாள் எறும்பு.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவள் எழுந்து நின்றாள். டீச்சர் திரும்பிப் பார்த்தார். கொக்கு பார்த்தாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் பிஸ்கட்டை மெல்லாமல் பார்த்தார்கள்.

"அச்சுக்கடை அண்ணன் எதையும் தப்பா அடிக்கல டீச்சர். நாங்க என்ன எழுதிக் குடுத்தோமோ அதைத்தான் அடிச்சார். சரியா பார்த்துட்டீங்களான்னு ரெண்டு தடவை கேட்கக்கூட செஞ்சார்."

"அப்போ பெஞ்சுன்னு எழுதினது?"

எறும்பு டீச்சரை நேராகப் பார்த்தாள்.

"நான்தான். சனிக்கிழமை மத்த நாலு இடத்துக்கும் போனேன். இங்க மட்டும் வரல. வராமலே எழுதிட்டேன். நாலு மணிக்கு நான் இங்க வந்ததே நேத்துதான்."